சில மில்லிமீட்டர் தேய்மானம்

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம்தான். இரண்டுக்கும் நடுவே குன்னூர் வழியாக ஐம்பது கிலோமீட்டர் மலைப்பாதை. நான்கு பேரும் பெட்டிகளுமாக 1,200 கிலோ எடையோடு ஒரு சின்ன கார் அந்தப் பாதையில் இறங்கினால், அந்த உயரத்தை இழப்பதற்காக அது எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டிய ஆற்றல் சுமார் 75 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். என்ஜின் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். என்ஜின் எவ்வளவு வாங்கும் என்பது வண்டி எந்த கியரில் இறங்குகிறது என்பதைப் பொறுத்தது. மீதி அத்தனையும் சக்கரங்களுக்குள் இருக்கும் பிரேக்கில்தான் வெப்பமாக இறங்குகிறது. முன்சக்கரங்களில் அந்த வெப்பத்தை நேருக்கு நேர் வாங்குபவை உள்ளங்கைக்குள் அடங்கும் நான்கு பிரேக் பேட்கள்.

கார் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அந்தப் பேட்களைக் கண்ணால் பார்த்ததில்லை. டயர் தேய்ந்தால் தெரிகிறது, வைப்பர் தேய்ந்தால் தெரிகிறது. பேட் மட்டும் சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. சர்வீஸ் பில்லில் அதன் பெயர் வரும்போதுதான் பலருக்கு அப்படி ஒரு பாகம் இருப்பதே நினைவுக்கு வருகிறது. உண்மையில் அதைப் பார்ப்பதற்கு ஒரு டார்ச் லைட்டும் ஐந்து நிமிடமும் போதும்.

பிரேக் மிதியை அழுத்தும்போது நடப்பது இதுதான். மாஸ்டர் சிலிண்டரில் இருக்கும் பிரேக் ஆயில் குழாய் வழியாக அழுத்தப்பட்டு, முன்சக்கரத்தில் உள்ள கேலிப்பருக்குப் போகிறது. அங்கே ஒரு பிஸ்டன் வெளியே வந்து உள்பக்கத்துப் பேட்டை டிஸ்க் மீது தள்ளுகிறது. கேலிப்பர் இரண்டு பின்கள் மேல் நகரக்கூடியது என்பதால், அதே விசையில் அது உள்பக்கமாக நகர்ந்து வெளிப்பக்கத்துப் பேட்டையும் டிஸ்க்கோடு இழுத்துச் சேர்க்கிறது. சைக்கிள் ரிம்மை இரண்டு பக்கமும் ரப்பர் கட்டைகள் கவ்வுவதைப் போலத்தான். இங்கே கவ்வப்படுவது இரும்பு டிஸ்க். ஓடுகிற வண்டியின் வேகம் உராய்வில் வெப்பமாக மாறுகிறது. 1,000 கிலோ எடையுள்ள கார் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்பதற்கு வெளியேற்றும் வெப்பத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கை, 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்பதற்கு வெளியேற்ற வேண்டும். வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, வேலை மூன்று மடங்கு.

பிரேக் அடித்ததும் வண்டியின் எடை முன்னோக்கிச் சாய்கிறது. அதனால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரங்களுடையது. நம் ஊர்ச் சின்ன கார்களில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்று வைத்திருப்பதற்கும், முன்பக்கப் பேட்கள் பின்பக்க ஷூக்களைவிடச் சீக்கிரம் தேய்வதற்கும் இதுவே காரணம்.

தேய்வது பேட்டின் குற்றமல்ல. தேய்வதற்காகவே அது செய்யப்படுகிறது.

காரில் முதல் நெடும்பயணம் போனவர் என்று வரலாறு சொல்லும் பெர்த்தா பென்ஸ், அந்தப் பயணத்திலேயே இதைக் கண்டுகொண்டார். 1888 ஆகஸ்டில், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு ஜெர்மனியின் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பினார். நூறு கிலோமீட்டருக்கு மேல். வழியில் இறக்கங்களில் மரத்தாலான பிரேக் கட்டைகள் தேய்ந்துபோயின. அவர் ஒரு செருப்புத் தைப்பவரிடம் போய்க் கட்டைகளின் மேல் தோல் வைத்து ஆணியடிக்கச் சொன்னார். கட்டை தேயாமல் இருக்க அதன்மேல் தேயக்கூடிய ஒன்றை ஒட்டிவைப்பது, தேய்ந்ததும் அதை மட்டும் மாற்றுவது: இன்றைய பேட்டின் தத்துவம் முழுவதும் அந்தத் தோல் துண்டில் இருக்கிறது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1897இல், இங்கிலாந்தின் டெர்பிஷயரில் ஹெர்பர்ட் ஃப்ரூட் இதையே தொழிலாக்கினார். குதிரை வண்டிக்காரர்கள் பிரேக் கட்டைக்கு அடியில் பழைய செருப்பைச் செருகி இறக்கத்தில் சமாளிப்பதைப் பார்த்து அவருக்கு யோசனை வந்தது என்பார்கள். அவர் தொடங்கிய ஃபெரோடோ இன்றும் பேட் விற்கிறது.

டிஸ்க் பிரேக்குக்கு ஃபிரெடெரிக் லான்செஸ்டர் 1902இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அது காரில் நிலைகொள்ள அரை நூற்றாண்டு பிடித்தது. 1953இல் பிரான்சின் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் வென்ற பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. நம் பக்கத்தில், 1962இல் சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா தொடங்கப்பட்டது. ரானே, சுந்தரம் என்று லைனிங்கும் பேடும் செய்யும் நிறுவனங்களும் சென்னையில் வேர்விட்டன. இந்திய சாலைகளில் ஓடும் வண்டிகளை நிறுத்துவதில் இந்த நகரத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

பேட் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டு அடுக்குகள் தெரியும். பின்னால் ஐந்தாறு மில்லிமீட்டர் கனத்தில் எஃகுத் தகடு. அதன்மேல் ஒட்டியிருக்கும் கருஞ்சாம்பல் நிறப் பொருள்தான் தேய்வது. புதிதாக இருக்கும்போது வழக்கமாகப் பத்து மில்லிமீட்டர் அளவில் இருக்கும். ரெசின், நார், உலோகத் துகள், கிராஃபைட் எல்லாம் கலந்து அழுத்திச் சுட்ட கலவை அது. முன்பு இந்தக் கலவையில் ஆஸ்பெஸ்டாஸ் முக்கியமான சரக்காக இருந்தது. அதன் தூசி நுரையீரலுக்குள் போனால் பல பத்தாண்டுகள் கழித்தும் புற்றுநோயைக் கொண்டுவரும் என்று தெரிந்ததும், பிரிட்டன் 1999இலும் ஆஸ்திரேலியா 2003இன் கடைசியிலும் அதைத் தடை செய்தன. பிறகு செம்பின்மேல் கண் விழுந்தது. பேட்டிலிருந்து உதிரும் செம்பு மழைநீரோடு ஆற்றுக்குப் போய் சால்மன் மீன்களைப் பாதிக்கிறது என்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2010இல் சட்டம் கொண்டுவந்தது. ஐரோப்பாவின் யூரோ 7 விதிகள் புகைக்குழாயோடு நிற்காமல், பிரேக்கிலிருந்து உதிரும் தூசிக்கும் முதல்முறையாக வரம்பு வைக்கின்றன. பெட்ரோல், டீசல் கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம்.

அலாய் வீலில் படியும் கருப்புத் தூசி அதுதான். அதை வாயால் ஊதக்கூடாது, பட்டறையில் ஏர் அடித்தும் பறக்கவிடக்கூடாது. ஈரத்துணியாலோ பிரேக் கிளீனராலோ துடைக்க வேண்டும். நாள்தோறும் பத்து வண்டியின் சக்கரத்தைக் கழற்றும் மெக்கானிக்குகள் முகத்துக்கு நேராக இந்தத் தூசியைப் பறக்கவிட்டுக்கொண்டு வேலை செய்வது நம் பட்டறைகளில் சாதாரணக் காட்சி. அது மாற வேண்டும்.

பேட் எத்தனை கிலோமீட்டர் வரும்? இந்தக் கேள்விக்கு ஒரே எண்ணைப் பதிலாகச் சொல்பவரை நம்பவேண்டாம். தேசிய நெடுஞ்சாலையில் திருச்சிக்கும் சென்னைக்கும் நிதானமாகப் போய்வரும் வண்டிக்கு 60,000 கிலோமீட்டர் தாண்டியும் வரும். அதே மாடல், அண்ணா சாலை நெரிசலில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று ஓடினால் அதில் பாதிகூட வராமல் போகலாம். ஆட்டோமேட்டிக் கார்களில் இன்னும் சீக்கிரம் தேயும். மின்சாரக் கார்களில் வேகத்தைக் குறைக்கும் வேலையின் பெரும்பகுதியை மோட்டாரே செய்து பேட்டரிக்கு அனுப்பிவிடுவதால் பேட் வெகுநாள் வரும், ஆனால் வேலை குறைவாக இருப்பதாலேயே டிஸ்க் துருப்பிடிக்கும். ஓட்டுபவரின் கால், ஓடும் சாலை, ஏற்றும் பாரம் எல்லாம் சேர்ந்து முடிவு செய்வதை ஓடோமீட்டரைப் பார்த்துச் சொல்ல முடியாது. பேட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பார்ப்பதற்கு முன் காது கொஞ்சம் சொல்லும். பல பேட்களில் ஓர் ஓரத்தில் மெல்லிய எஃகு நாக்கு ஒன்று வளைந்து நிற்கும். பேட் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு வந்ததும் அந்த நாக்கு டிஸ்க்கில் உரசிக் ‘கீச்’சென்று கத்தும். வேண்டுமென்றே வைத்த மணி அது. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியும் பாட்டும் போட்டுக்கொண்டு ஓட்டுபவர் காதில் அது விழாது. சுவரோரமாக, கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டினால் சத்தம் சுவரில் பட்டுத் தெளிவாகக் கேட்கும். எல்லாக் கீச்சும் ஆபத்தல்ல. மழையில் நனைந்த வண்டியை, அல்லது கழுவி நிறுத்திய வண்டியை மறுநாள் காலை எடுக்கும்போது டிஸ்க்கில் படிந்த லேசான துரு நாலைந்து பிரேக்கில் உரசிப்போகும் வரை சத்தம் வரும், பிறகு அடங்கிவிடும். அடங்காமல் தினமும் வந்தால் பார்க்க வேண்டும். ‘கரகர’வென்று இரும்போடு இரும்பு அரைக்கும் சத்தம் வந்துவிட்டால் பேட் முடிந்து, பின்தகடு டிஸ்க்கைக் கடைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அந்த வண்டியை ‘அடுத்த வாரம் விடலாம்’ என்று ஓட்டக்கூடாது.

இன்னொரு அறிகுறியைப் பலர் தாங்களே அழித்துவிடுகிறார்கள். பேட் தேயத் தேய பிஸ்டன் இன்னும் கொஞ்சம் வெளியே வந்து நிற்கும், அந்த இடத்தை நிரப்பப் பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் மெல்ல இறங்கும். மட்டம் மேக்ஸ் கோட்டிலிருந்து மின் கோட்டை நோக்கி மாதக்கணக்கில் நகர்ந்தால், கசிவு இல்லாத வண்டியில், அது பேட் தேய்மானத்தின் கணக்கு. வளைவில் திரும்பும்போது மட்டும் ஹேண்ட் பிரேக் விளக்கு மினுக்கென்று எரிவதும் இதனால்தான். ஆயில் குறைந்திருக்கிறதே என்று பெட்ரோல் பங்கிலோ வாட்டர் சர்வீஸிலோ ஊற்றி நிரப்பிவிட்டால் விளக்கு அணைந்துவிடும், பேட் அப்படியே இருக்கும். பிறகு புதுப்பேட் போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ளினால் அந்த ஆயில் பொங்கி வழிந்து பெயின்டை அரிக்கும்.

இனி டார்ச் லைட். முன்சக்கரத்தை முழுக்க ஒரு பக்கம் திருப்பி நிறுத்திவிட்டு, அலாய் வீலின் கம்பிகளுக்கு இடையில் வெளிச்சம் அடித்தால் டிஸ்க்கும் அதைக் கவ்வியிருக்கும் கேலிப்பரும் தெரியும். கேலிப்பரின் நடுவில் உள்ள திறப்பு வழியாக, டிஸ்க்கை ஒட்டி வெளிப்பேட்டின் ஓரம் தெரியும். எஃகுத் தகட்டை விட்டுவிட்டு, டிஸ்க்குக்கும் தகட்டுக்கும் நடுவே இருக்கும் கருப்புப் பகுதியின் கனத்தை மட்டும் பார்க்க வேண்டும். பலர் தகட்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு ‘நிறைய இருக்கிறதே’ என்று நிம்மதி அடைகிறார்கள். பின்தகட்டின் கனத்தில் பாதிதான் கருப்புப் பகுதி இருக்கிறதென்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. அளவு வேண்டுமென்றால், ஒரு ரூபாய் நாணயம் இரண்டை அடுக்கினால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். பேட் அந்த அளவுக்கு வந்ததும் மாற்றிவிடுவது நல்லது. இரண்டுக்குக் கீழே போனால் மறுபேச்சே இல்லை.

ஆனால் இப்படித் தெரிவது வெளிப்பேட் மட்டும். பல வண்டிகளில் உள்பேட் அதைவிட வேகமாகத் தேய்ந்திருக்கும். அதைப் பார்க்கச் சக்கரத்தைக் கழற்றியே ஆகவேண்டும். இதற்கென்று தனியாக மெனக்கெட வேண்டியதில்லை. பஞ்சர் ஒட்டும்போதோ, டயரை இடம் மாற்றிப் போடும்போதோ சக்கரம் எப்படியும் கையோடு வருகிறது. அந்த நிமிடம் குனிந்து பார்த்தால் போதும். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர் மாற்றிப் போடுபவருக்குப் பேட் ஒருநாளும் திடீரென்று தீராது.

பேட் மெலிந்தால் என்ன கெட்டுவிடும், இன்னும் இரண்டு மில்லிமீட்டர் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. சமதளத்தில் நாற்பதில் ஓட்டும்போது மெலிந்த பேடும் நிறுத்தத்தான் செய்யும். வித்தியாசம் மலையில் தெரியும். பேட் என்பது உராயும் பொருள் மட்டுமல்ல, பல நூறு டிகிரிக்குச் சூடேறும் டிஸ்க்குக்கும் பிஸ்டனுக்குப் பின்னால் இருக்கும் ஆயிலுக்கும் நடுவே நிற்கும் வெப்பத்தடுப்பும் அதுதான். அது மெலிய மெலிய வெப்பம் பிஸ்டன் வழியாக ஆயிலுக்குச் சுலபமாக ஏறும். பிரேக் ஆயிலுக்கோ காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அதே ஆயிலுக்கு விதி கேட்பது 140 டிகிரிதான். டாட் 4 வகைக்கு இவை 230, 155. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழிகள் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். ஆகவே மிதித்தால் கால் பஞ்சில் இறங்குவதுபோல் இறங்கும், வண்டி நிற்காது. சில நிமிடங்கள் கழித்து ஆறியதும் பிரேக் பழையபடி பிடிக்கும். விபத்துக்குப் பிறகு சோதித்துப் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றுவதற்கும் இதுவே காரணம்.

மலைப்பாதைகளில் ‘இரண்டாவது கியரில் செல்லவும்’ என்று எழுதி வைத்திருப்பது அலங்காரத்துக்கல்ல. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள், சரிவோ குன்னூர்ப் பாதையைவிடச் செங்குத்து. அங்கே நடந்த விபத்துகளைப் பார்த்தே வெளியூர் வண்டிகள் அந்த வழியாக இறங்குவதற்கு மாவட்ட நிர்வாகம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. உள்ளூர் ஓட்டுநர்கள் அதில் தினமும் இறங்குகிறார்கள். அவர்கள் தாழ்ந்த கியரில் போட்டு என்ஜினைக் கொண்டே வண்டியைப் பிடிக்கிறார்கள், வளைவுக்கு முன் அழுத்தி அடித்துவிட்டுக் காலை எடுத்துப் பிரேக்கை ஆறவிடுகிறார்கள். சமவெளிக்காரர் லேசாக மிதித்தபடியே வளைவுக்கு வளைவு இழுத்துக்கொண்டு வருகிறார். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுபவர்களும், என்ஜினையே அணைத்துவிடுபவர்களும் உண்டு. என்ஜின் நின்றால் மிதிக்குக் கைகொடுக்கும் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் நின்றுபோகும். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு மிதி கல்லாகிவிடும். மலையேறும் திட்டம் இருந்தால் புறப்படுவதற்கு முந்தைய வாரமே பேட்டையும் ஆயிலையும் பார்த்துவிடுவது அவசியம். ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வதும் அந்த ஈரத்துக்காகத்தான். 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் கார்கள் எல்லாவற்றிலும் ஏபிஎஸ் இருக்கிறது. அது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். தீர்ந்த பேட்டுக்கும் கொதித்த ஆயிலுக்கும் அது மருந்தல்ல.

மாற்றுவதைப் பற்றிப் பேசுவோம். பார்ப்பது கார் வைத்திருக்கும் எல்லோராலும் முடியும். மாற்றுவது கை பழகியவர் வேலை. ஒருமுறையாவது விஷயம் தெரிந்தவர் பக்கத்தில் இருந்து செய்துபார்க்காதவர் தனியாக இறங்கக்கூடாது. ஆனாலும் வேலை எப்படி நடக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு பட்டறையில் கூட நிற்பதில் பெரிய பலன் உண்டு. ஏனென்றால் பழைய பேட்டை உருவிப் புதியதைச் செருகுவது பத்து நிமிடக் காரியம். அவசரப்படும் இடத்தில் அதோடு முடித்து அனுப்பிவிடுவார்கள். வேலையின் சாரம் மீதி இருபது நிமிடத்தில் இருக்கிறது.

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கல்லோ கட்டையோ அண்டை கொடுத்த பிறகே ஜாக்கி. சக்கர நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்திக்கொள்ள வேண்டும். தூக்கியதும் வண்டி ஜாக்கியின் மேல் மட்டும் நிற்கக்கூடாது, ஸ்டாண்டு போட்டாக வேண்டும். சக்கரம் கழன்றதும் கேலிப்பரின் கீழ்ப் போல்ட்டை எடுத்தால், பல மாடல்களில், கேலிப்பர் மேலே மடங்கிக்கொள்ளும். முழுதாகக் கழற்ற வேண்டிய வகையானால் அதைக் கம்பியால் ஸ்பிரிங்கோடு கட்டித் தொங்கவிட வேண்டும். பிரேக் ஹோஸில் தொங்கவிட்டால் ரப்பர் உள்ளே கிழியும், வெளியே தெரியாது.

பேட்கள் வெளியே வந்ததும் பார்க்க வேண்டியது டிஸ்க். அதில் எங்காவது குறைந்தபட்சக் கனம் எவ்வளவு என்று பொறித்தோ வார்த்தோ இருக்கும். கேஜ் வைத்து அளந்து அதற்குக் கீழே போயிருந்தால், எத்தனை புதுப்பேட் போட்டாலும் பயனில்லை, டிஸ்க்கையும் மாற்ற வேண்டும். விரல் நகத்தை மையத்திலிருந்து ஓரம் நோக்கி இழுத்தால் ஆழமான கீறல்கள் தட்டுப்படும். லேசான கீறலும் ஓரத்தில் சின்ன விளிம்பும் வயதின் அடையாளங்கள். நகம் மாட்டிக்கொண்டு நிற்கும் பள்ளம் வேறு கதை. பிரேக் அடிக்கும்போது ஸ்டீயரிங்கோ மிதியோ அதிர்ந்ததென்றால் டிஸ்க்கின் கனம் சுற்றெங்கும் ஒரே சீராக இல்லை என்று அர்த்தம். கனம் மிச்சமிருந்தால் லேத்தில் கொடுத்துச் சீவிக்கொள்ளலாம்.

அடுத்தது, பலர் கைவைக்காமல் விட்டுவிடும் இடம்: கேலிப்பர் நகரும் பின்கள். இவை தடையில்லாமல் வழுக்கினால்தான் இரண்டு பேடும் ஒரேபோல் அழுந்தும். கடலோர ஊர்களில் உப்புக்காற்றும், வெள்ளமும் இவற்றுக்கு எதிரி. சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தெருவில் மூழ்கி நின்ற கார்களைப் போல, தண்ணீருக்குள் நின்ற வண்டிகளில் என்ஜினைப் பற்றிக் கவலைப்படுமளவுக்குப் பிரேக்கைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. ரப்பர் உறை கிழிந்திருந்தால் சேறு உள்ளே போய் பின் துருவேறி இறுகும். பின்னைக் கழற்றித் துடைத்து, ரப்பர் உறையைப் பார்த்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸ் மெலிதாகத் தடவ வேண்டும். பேரிங்குக்குப் போடும் சாதா கிரீஸை அள்ளிப் பூசினால் ரப்பர் ஊதிப்போய்ப் பின்னை இன்னும் இறுக்கும். பேட் உட்காரும் கிளிப்புகளில் படிந்த துருவையும் சுரண்டியெடுக்க வேண்டும், புது செட்டோடு கிளிப் வந்தால் அதையே போட வேண்டும். கிரீஸ் ஒரு பொட்டுகூடப் பேட்டின் முகத்திலோ டிஸ்க்கிலோ படக்கூடாது.

புதுப்பேட் கனமானது என்பதால் பிஸ்டனை உள்ளே தள்ளினால்தான் இடம் கிடைக்கும். பழைய பேட்டை முகத்தில் வைத்துக் கிளாம்ப் கொண்டு மெதுவாகத் தள்ள வேண்டும். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் ரப்பர் சீல் போகும். தள்ளும்போதே ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து மட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பின்சக்கரத்திலும் டிஸ்க் உள்ள கார்களில் பிஸ்டனைச் சுற்றித் திருகி உள்ளே அனுப்ப வேண்டியிருக்கும். பட்டன் ஹேண்ட் பிரேக் உள்ளவற்றில் ஸ்கேனர் வைத்து மோட்டாரைப் பின்வாங்கச் செய்த பிறகே தொடமுடியும். அந்த வண்டிகளை வீட்டு வாசலில் பிரிக்க முயல வேண்டாம்.

ஒரு பக்கம்தான் தேய்ந்திருக்கிறது என்று ஒரு பக்கம் மட்டும் மாற்றக்கூடாது. இடதும் வலதும் ஒரேபோல் பிடிக்காவிட்டால் அவசர பிரேக்கில் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். வாங்கும் பேட்டும் கவனிக்க வேண்டிய விஷயம். பெயர்பெற்ற கம்பெனி பெட்டியில் டூப்ளிகேட் சரக்கு வருவது ஸ்பேர் பார்ட்ஸ் சந்தையில் புதிதல்ல. அச்சு மங்கிய பெட்டியும், ஒட்டும் பசை வழிந்த ஓரமும், பின்தகட்டில் எந்த எண்ணும் இல்லாததும் சந்தேகத்துக்கு இடம். பல பேட்களின் ஓரத்தில் அச்சிட்ட எழுத்து வரிசையின் கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் அதன் பிடிப்பு, இரண்டாவது கடும் சூட்டில் பிடிப்பு. ஈ என்றால் குறைவு, எஃப் என்றால் நடுத்தரம், ஜி என்றால் கூடுதல். இரண்டாவது எழுத்து முதலைவிடத் தாழ்ந்திருந்தால் சூடேறும்போது பிடிப்பு குறையும் சரக்கு அது. சின்ன கார்களில் முன்பக்க செட் ஒன்றின் விலை பெரும்பாலும் ஒரு முழு டேங்க் பெட்ரோலுக்குள் முடிந்துவிடுகிறது. இதில் இருநூறு முந்நூறு மிச்சம்பிடிப்பது எந்தக் கணக்கிலும் நியாயமாகாது.

எல்லாம் பூட்டி, வண்டியை இறக்கி, நட்டுகளை நேரெதிர் வரிசையில் முறுக்கி முடித்ததும் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. வண்டியை அசைக்கும் முன், மிதி கெட்டியாகும் வரை திரும்பத் திரும்ப மிதிக்க வேண்டும். பிஸ்டன் பின்வாங்கி நிற்பதால் முதல் மிதி தரையைத் தொடும், பிரேக் இருக்காது. இதை மறந்து வண்டியைக் கிளப்பிச் சுவரில் மோதுவது பட்டறைகளில் தெரிந்த விபத்து. அதோடு ஆயில் மட்டத்தை இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

புதுப்பேட் முதல் நாளே முழுப்பிடிப்பு தராது. பேட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிய வேண்டும். ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் 50, 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10, 15க்கு நிதானமாகக் குறைத்து, கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிட்டு, மறுபடி குறைத்து, இப்படிப் பத்து முறை செய்தால் போதும். நடுவில் சூடாக இருக்கும்போது வண்டியை நிறுத்தி மிதியை அழுத்திப் பிடித்தபடி நிற்கக்கூடாது. அப்படி நின்றால் பேட் ஒட்டிய இடம் டிஸ்க்கில் அச்சாகப் பதிந்து பிறகு அதிரும். முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டருக்கு முன்னால் போகும் வண்டியோடு வழக்கத்தைவிடக் கூடுதல் இடைவெளி விட வேண்டும்.

கழற்றிய பழைய பேட்களைக் குப்பையில் போடவிடாமல் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்ல பழக்கம். நான்கையும் எந்தப் பக்கம், உள்ளா வெளியா என்று அடையாளம் வைத்து வரிசையாக வைத்தால் வண்டியின் பிரேக் வரலாறே அதில் இருக்கும். நான்கும் ஒரே கனத்தில் தேய்ந்திருந்தால் எல்லாம் ஒழுங்கு. ஒரு சக்கரத்தில் உள்பேட் மட்டும் காகிதமாகி வெளிப்பேட் பாதி மிச்சமிருந்தால், அந்தச் சக்கரத்தின் பின்கள் இறுகியிருக்கின்றன. ஒரே பேட் ஒரு முனையில் கனமாகவும் மறுமுனையில் மெலிந்தும் ஆப்பு வடிவில் தேய்ந்திருந்தால் கேலிப்பர் சாய்ந்து அழுத்துகிறது. இடது ஜோடி தீர்ந்து வலது ஜோடி புதிதுபோல் இருந்தால் ஏதோ ஒரு பக்கப் பிஸ்டனையோ ஹோஸையோ சந்தேகிக்க வேண்டும். நெடுந்தூரம் ஓட்டியபின் பேட் தீர்ந்த பக்கத்துச் சக்கரம் மற்றதைவிடச் சுடுவதும், கருகிய வாடை வருவதும் இதை உறுதிசெய்யும். முகம் கண்ணாடிபோல் பளபளத்தால் அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது, ஓரங்கள் வெடித்து உதிர்ந்திருந்தாலும் அப்படித்தான். இவற்றில் எது தெரிந்தாலும், அதைச் சரிசெய்யாமல் போட்ட புதுப்பேடும் அதே மாதிரியேதான் தேயும்.